பரணில் ஏற்றிய ஃபைல்

மார்பகப் புற்றுநோய் வந்து குணமான பெண்மணிகளிடம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? ஆபரேஷன் நடந்த தேதி, முடி கொட்ட ஆரம்பித்த நாள், மறுபடி முளைத்த மாதம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். "அஞ்சு வருஷம் தாண்டியாச்சும்மா" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்க்கிற நமக்கும் மனசு குளிர்ந்துவிடும். பட்ட பாட்டுக்கு அந்த நிம்மதி அவர்களுக்கு வேண்டியதுதான்.

ஆனால் அந்த நிம்மதியோடு இன்னொரு விஷயத்தையும் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மார்பகத்துக்குச் செய்த வைத்தியம் சிலருக்குப் பல வருஷம் கழித்து இதயத்தில் வந்து நிற்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதைத் தெளிவாகவே சொல்கிறது. மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்த பெண்களில், முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, அந்தப் புற்றுநோயைவிட இதய நோயால் உயிர் போகிற வாய்ப்புத்தான் அதிகமாம். இது எத்தனை வீடுகளில் தெரியும்? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

என் மாமியாருக்கு 2011-ல் இடது மார்பில் கட்டி. அப்போது அவருக்கு வயது 55. ஆபரேஷன் ஆயிற்று. அதன்பின் கீமோ ஊசிகள். அதில் ஒன்று ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும். பாட்டிலைப் பார்த்தாலே அத்தைக்குக் குமட்டிக்கொண்டு வரும். பிறகு 25 நாள் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் பக்கத்தில் வழங்குகிற பெயர் அதுதானே! ஐந்து வருஷம் லெட்ரோசோல் மாத்திரை. எல்லாம் முடிந்ததும் ரிப்போர்ட்டுகளை ஒரு பச்சை ஃபைலில் போட்டு, மஞ்சள் பையில் சுற்றி, பரணில் ஏற்றிவிட்டார் அத்தை. "இனிமே இதைப் பத்தி யாரும் பேசக்கூடாது" என்று எல்லாருக்கும் உத்தரவு. உறவில் பாதிப் பேருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்றே சொல்லி வைத்திருந்தார்கள்.

போன வருஷம் ஐப்பசி மாதம் தொடங்கியது மூச்சு வாங்கல். கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி, மேற்கே சண்முகம் சாலைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவது அத்தைக்குப் பல வருஷப் பழக்கம். அந்தப் படிகளில் இரண்டு இடத்தில் நின்று போகத் தொடங்கினார். இரவில் படுத்தால் வறட்டு இருமல். தலையணை ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. கால் வீங்கி மெட்டி இறுகியது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். எதிர்வீட்டு மாமா, "இருமல் மூணு வாரத்துக்கு மேல போனா சானடோரியத்துல காட்டிடுங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு என்றால் அந்த நினைவுதான் முதலில் வரும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்கென்று தொடங்கிய இடம் அது. அதன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது! தெருமுனை டாக்டரோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு காஸ் மாத்திரை எழுதினார். அதில் பதினைந்து நாள் போயிற்று.

கடைசியில் ஓர் இதய டாக்டரிடம் போனோம். நர்ஸ் பிரஷர் பார்க்க அத்தையின் இடது கையைப் பிடித்தாள். அத்தை பேசாமல் அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கை அது. அந்தக் கையில் பிரஷர் பார்க்க வேண்டாம், ஊசி வேண்டாம் என்று அந்த நாளில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதின்மூன்று வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறவர், "முன்னாடி ஏதாவது பெரிய வியாதி, ஆபரேஷன் உண்டா?" என்று டாக்டர் கேட்டதும், "ஒண்ணும் கிடையாது. பிரஷர் மட்டும் கொஞ்சம்" என்றார்!

எனக்குத் திக்கென்றது. கையை அழுத்திப் பிடித்து, "அத்தை, சொல்லுங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். நானே சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எந்தப் பக்கம்? கரண்ட் வெச்சாங்களா? சிவப்பு மருந்து எத்தனை ஏத்தினாங்க? அந்த ஃபைல் எங்கே?" என்று அடுக்கினார். அன்றைக்கே எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று அதில் ஒரு கணக்கு வரும். சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டியது, அத்தைக்கு 38 இருந்தது.

வெளியே வந்ததும் அத்தைக்கு என்மேல் கோபம். "பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம். இது வெளியே தெரிஞ்சா அவளுக்கும் வரும்னு பேச மாட்டாங்களா?" என்றார். இந்தப் பயம் அவருக்கு மட்டுமா? நம்மில் எத்தனையோ குடும்பங்களில் இந்த ஒரு பயத்துக்காகவே வியாதியை மூடி வைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். சென்னையில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதல் இடம் இதற்குத்தான் என்று ஆகிவிட்டது. அப்படியிருக்க யார் வீட்டில் யாரைப் பார்த்து யார் பேசுவது? வெளியாருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். வைத்தியரிடம் மறைத்தால் மட்டும் உயிருக்கே வந்துவிடும்.

அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு நானும் படித்தேன், கேட்டேன். எனக்குப் புரிந்த வகையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது அந்தச் சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று பெயர். இத்தாலி நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து. 1970-களிலிருந்து உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெண்களைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் அது இதயத் தசையையும் கொஞ்சம் தொட்டுவிடுகிறது. கையில் வெட்டுப்பட்டால் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். இதயத் தசைக்கு அந்தப் பாக்கியம் மிகக் குறைவு. போன அணுக்கள் போனவைதாம். மிச்சமுள்ளவை சேர்ந்து வேலையைத் தாங்கிக்கொள்கின்றன. வருஷங்கள் போய், வயதும் ரத்தக் கொதிப்பும் சேரும்போதுதான் குறை வெளியே தெரிகிறது. மொத்தமாக உடம்பில் ஏறிய அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதால், இதற்கு ஓர் உச்ச வரம்பு வைத்தே டாக்டர்கள் கொடுக்கிறார்கள். "எத்தனை ஏத்தினாங்க?" என்று அவர் கேட்டது இதற்காகத்தான்.

டிராஸ்டுசுமாப் என்று இன்னொரு ஊசி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டிக்கு மட்டும் போடுவார்கள். 1998-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இதுவும் இதயத்தின் பலத்தைக் குறைக்கலாம். ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அதனால்தான் அந்த ஊசி போடுகிற நாட்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். "திரும்பத் திரும்ப எதுக்கு எக்கோ?" என்று அலுத்துக்கொண்டு தவிர்க்கக் கூடாது.

இரண்டாவது கரண்ட். இதயம் சற்று இடப்பக்கம் சாய்ந்து, மார்புக்கூட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது? இடது மார்புக்குக் கதிர் வைக்கும்போது இதயத்தின் முன்பக்கத்து ரத்தக் குழாயும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. நாளடைவில் குழாயின் உட்சுவர் தடிக்கிறது, அடைப்பு சீக்கிரம் வருகிறது. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை கதிர் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இதயத்தில் விழும் கதிர், கிரே என்ற அளவில் ஒன்று கூடினால் இதய நோய் 7.4 சதவீதம் கூடுகிறதாம். ஆபத்து முதல் ஐந்து வருஷத்திலேயே தொடங்கி, இருபது வருஷம் வரைகூடத் தொடர்கிறதாம்.

மூன்றாவது, மாதவிடாய் சீக்கிரம் நின்று போவது. மாதவிடாய் நடக்கிற காலத்தில் நம் உடம்பில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் இதயக் குழாய்களுக்கு ஓரளவு காவல். கீமோவினால் சிலருக்கு நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் மிச்சமுள்ள ஈஸ்ட்ரோஜனையும் குறைக்கின்றன. சிலருக்குக் கொலஸ்டிரால் ஏறுகிறது. வைத்திய காலத்தில் படுத்தே இருந்து எடையும் கூடிவிட்டால் கேட்க வேண்டுமா?

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கீமோவே வேண்டாம், கரண்டே வேண்டாம்" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள்! அது பெரிய விபரீதம். அதே ஆராய்ச்சியில் உள்ள இன்னொரு கணக்கைப் பாருங்கள். இதயத்துக்கு வேறு கெடுதல் இல்லாத ஐம்பது வயதுப் பெண்கள் 1000 பேரில், கதிர் வைக்காவிட்டால் எண்பது வயதுக்குள் இதயக் குழாய் நோயால் இறப்பவர்கள் 19 பேர். 3 கிரே அளவு இதயத்தில் பட்டால் 24 பேர். ஆனால் முன்பே ரத்தக் கொதிப்பு, சர்க்கரை போன்ற ஏதேனும் இருந்தால், கதிரே வைக்காமல் 34 பேர்! அது மேல்நாட்டுக் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. என்றாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நடந்து முடிந்த கதிரை நாம் திரும்ப எடுக்க முடியாது. கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைக்க முடியும். அது நம் அடுக்களைக்குள்ளேயே இருக்கிற விஷயம்.

இப்போது சிகிச்சை முறைகளும் மாறியிருக்கின்றன. மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் மட்டும் கதிர் விடுகிறார்கள். நுரையீரல் விரிந்து இதயம் சற்று விலகி நிற்கும். இடது பக்கம் கரண்ட் வைக்கப் போகிற சகோதரிகள், இந்த வசதி தங்களுக்கு உண்டா என்று தாராளமாகக் கேட்கலாம்.

யோசித்துப் பார்த்தால், இந்தக் கவலை நமக்கு வந்திருப்பதே ஒரு முன்னேற்றந்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வேதனையில் பிறந்ததுதான் அடையாறு புற்றுநோய் நிலையம். 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் தம் 93-வது வயதில் மறையும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. 1957-ல் அங்கே கோபால்ட் கதிர் இயந்திரம் வந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் கூச்சப்பட்டு, கட்டி முற்றிப் புண்ணான பிறகுதான் வருவார்கள். பதினைந்து வருஷம் கழித்து இதயம் எப்படி இருக்கும் என்று கேட்க யார் இருந்தார்கள்? இன்று பிழைத்து, பேரன் பேத்தி எடுத்து, எழுபதை நெருங்குகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. ஐரோப்பிய இதய மருத்துவர்கள் சங்கமே புற்றுநோயாளிகளின் இதயத்துக்கென்று முழு வழிகாட்டியை முதல்முறையாக 2022-ல்தான் வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஃபைலைப் பரணிலிருந்து இறக்குவது. எந்தப் பக்கம், எந்த மருந்து, எத்தனை தடவை, கதிர் எத்தனை நாள், எந்த வருஷம் என்று ஒரே தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல் தொலைந்திருந்தால் வைத்தியம் பார்த்த மருத்துவமனையில் விவரம் கேட்டுப் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், அது பல் டாக்டராகவே இருந்தாலும், அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறை பிரஷர், சர்க்கரை, கொலஸ்டிரால், எடை. இவற்றோடு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிட வேண்டும். சிவப்பு மருந்து அதிகம் ஏறியவர்கள், இடப்பக்கம் கதிர் வைத்தவர்கள், முன்பே கொதிப்பு உள்ளவர்கள் எக்கோவைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். அபாயம் அதிகமுள்ளவர்களுக்குச் சிகிச்சை முடிந்த 1, 3, 5-ஆவது வருஷங்களிலும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையும் எடுப்பது நல்லது என்று அந்த 2022 வழிகாட்டி சொல்கிறது. உடம்பில் ஒரு தொல்லையும் தெரியாதபோதே எடுப்பதில்தான் பலன்.

மூன்றாவது, அறிகுறி. சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது எல்லாருக்கும் வராது. பெண்களுக்குத் தாடை, முதுகு, தோள் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, வியர்வை என்றும் வரும். படுத்தால் மூச்சுத் திணறி, உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தாலோ, கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ வாயு என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத் திணறலோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தை நம் அரசு 2023-ல் தொடங்கியது.

நான்காவது சாப்பாடு, நடை. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் விசேஷ நாளோடு சரி. சாதத்தில் உப்பு போடுவதில்லை. சாம்பாரில் குறைத்த உப்புக்கு எலுமிச்சம்பழமும் கொத்தமல்லியும் ஈடு செய்கின்றன. முதல் வாரம் என் கணவர் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது மாதம் வெளிச் சாப்பாடு அவருக்கே கரித்தது! பொரிப்பதற்கு ஒரு முறை காய்ச்சிய எண்ணெயை மறுபடி வைப்பதில்லை. நடை விஷயத்தில் அமெரிக்க நர்ஸுகளிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று 2005-ல் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வாரத்தில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தவர்கள், நடக்காதவர்களைவிட அதிக நாள் உயிரோடிருந்தார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனமானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும்.

அத்தைக்கு இப்போது நான்கு விதமான மாத்திரை. காலையில் எழுந்ததும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறார். எட்டு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 38 என்பது 47 ஆகியிருக்கிறது. முழுசாகப் பழையபடி ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் அப்படி எதிர்பார்க்கவில்லை. மாத்திரையை மட்டும், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தலையணையில் தூங்குகிறார். அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "எழுதிக்கோம்மா. பேரு மட்டும் போடாதே" என்றார். பேத்திக்கு வரன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் போன வாரம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது ஒரு காரியம் செய்தார். கூட நடக்கிற அம்மாள் ஒருவர், கொஞ்ச நாளாக மாடி ஏற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். அத்தை நின்று, அவர் காதருகே குனிந்து, "உங்களுக்கு முன்னாடி மார்ல ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?" என்று கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. இரண்டு சுற்று நடந்து முடித்த பிறகு மெதுவாக, "எக்கோ எங்கே எடுத்தீங்க?" என்றார்.